கை தெரியாத பந்து

கொழும்பில் அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் வெள்ளவத்தையிலும், வீடும் கடையும் ஒட்டி எழுந்த கொட்டாஞ்சேனையிலும் ஒரு பிள்ளை கடினப்பந்துக்குத் துடுப்பை வீச வெறும் நிலம் கிடைப்பது அரிது. பாடசாலை மைதானம் அணியில் இடம்பிடித்தவர்களுக்கே போதவில்லை. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களை இடியும் மழையும் கொண்டுபோய்விடும். ஆகவே பெற்றோர் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் உள்ளகப் பயிற்சி வலைகளைத் தேடிப் போகிறார்கள். போனதும் கேட்கும் முதல் கேள்வி, "மெஷின் எத்தனை ஸ்பீட் போகும்?" என்பது. வலைக்கூண்டைத் தெரிவு செய்வதற்கு இதைவிடப் பயனற்ற கேள்வி இல்லை என்பதே என் கருத்து. பந்து புறப்படும் கணத்தில் துடுப்பாளனின் கண்ணுக்கு என்ன தெரிகிறது? ஒரு கூண்டின் பெறுமதி பெரும்பாலும் அந்த ஒன்றில்தான் தங்கியிருக்கிறது.

பந்தெறியும் மெஷினையே முதலில் எடுத்துக்கொள்வோம். பரவலாகப் புழங்குவது போலா போன்ற இரு சக்கர இயந்திரம். முக்காலி ஒன்றின் மேல் இரண்டு சக்கரங்கள் எதிரெதிராகச் சுழலும்; அவற்றின் நடுவே பந்தைவிடச் சற்றுக் குறுகிய இடைவெளி. இயக்குபவர் பந்தை உயர்த்திக் காட்டிவிட்டுக் குழாயில் விடுவார். சக்கரங்கள் அதைக் கவ்வி எறியும். ஒரு சக்கரத்தை மற்றதைவிட வேகமாக ஓடவிட்டால் பந்து காற்றில் வளையும். பந்து தோற்பந்து அல்ல, மேற்பரப்பு முழுவதும் சிறு குழிகள் கொண்ட செயற்கைப் பந்து. இங்கேதான் பல கூண்டுகள் சறுக்குகின்றன. குழி தேய்ந்த பழம்பந்தும் புதுப்பந்தும் ஒரே வாளியில் கலந்து கிடந்தால், அமைப்பை மாற்றாமல் விட்டாலும் ஒரு பந்து குட்டையாகவும் அடுத்தது காலடியிலும் விழும். காசு கட்டுமுன் ஆளில்லாத வலைக்குள் ஆறு பந்துகளை ஒரே அமைப்பில் விடச் சொல்லிப் பாருங்கள். விரிப்பில் அவை ஒரு துவாய் அளவு இடத்துக்குள் விழவேண்டும். சிதறினால், அந்த மெஷினின் ஒரே பலமான ஒழுங்கும் அங்கே இல்லை என்று அர்த்தம்.

வேக எண்ணை நம்பக்கூடாது என்பதற்குக் கணக்கே சாட்சி. முழு நீள ஆடுகளத்தில் பந்து கையை விட்டுத் துடுப்பை அடைய ஏறத்தாழ 17.5 மீற்றர் பயணிக்கிறது. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் அதற்கு 0.57 செக்கன் எடுக்கும். இடம் போதாத கூண்டில் மெஷினை 14 மீற்றரில் நிறுத்தி அதே 110ஐ வைத்தால் கிடைப்பது 0.46 செக்கன்தான், முழு நீளத்தில் 137 கிலோமீற்றர் வேகப் பந்துக்குச் சமம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது பயிற்சியாகாது. கண்ணை மூடிக்கொண்டு துடுப்பை நீட்டத்தான் பழக்கும். பேஸ்போல் வகை சொஃப்ட்போல் ஆடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மகளிர் சொஃப்ட்போலில் எறிமேடை 13.11 மீற்றரில் இருப்பதால், அங்கே 95 கிலோமீற்றர் என்பதே கிரிக்கெட்டின் 127க்கு ஈடான அவகாசத்தைத்தான் தரும். அதுவும் இடுப்போரத்திலிருந்து கீழ்க்கையாக வரும் பந்து. கிரிக்கெட் மெஷினை ஆளுயரத்தில் நிறுத்தி அந்தப் பயிற்சியைக் கொடுக்க முடியாது. ஆகவே எந்த விளையாட்டானாலும் கேட்கவேண்டியது தூரமும் உயரமும்.

இனி முக்கியமான விடயம். 2000ஆம் ஆண்டு மைக்கேல் லாண்ட், பீற்றர் மக்லியோட் இருவரும் வெவ்வேறு தரத்திலான மூன்று துடுப்பாளர்களின் கண்ணசைவைத் தலையில் பொருத்திய கமராவால் பதிந்தார்கள். பந்து புறப்படும்வரை கண் அது புறப்படும் இடத்திலேயே நிலைத்திருக்கிறது. பிறகு பந்தைத் தொடராமல், அது குத்தப்போகும் இடத்துக்கு முந்திப் பாய்கிறது. தேர்ந்தவரின் கண் சீக்கிரமாகவே பாய்ந்தது. அந்த ஆய்வில் பந்தை எறிந்ததும் மெஷின்தானே என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. புறப்பட்ட பின் பந்தைக் கணிக்க மெஷின் பழக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2006இல் ஷோன் முல்லரும் சகாக்களும் செய்த ஆய்வு, உயர்தரத் துடுப்பாளர்கள் பந்து கையை விடுமுன்பே பந்துவீசும் கையிலேயே செய்தியைப் படித்துவிடுகிறார்கள் என்று காட்டியது. 2009இல் ரொஸ் பிண்டர் குழுவினர் இளம் வீரர்களை ஒரே வேகத்தில் மெஷினுக்கும் பந்துவீச்சாளருக்கும் ஆடவைத்தபோது, துடுப்பைப் பின்னே தூக்கும் நேரமும் முன்கால் நகரும் நேரமும் இரண்டிலும் வேறுபட்டன. மெஷினுக்குப் பழகிய கால் மைதானத்தில் வேறு தாளத்தில் நகரவேண்டியிருக்கிறது.

இலங்கையில் இதை விளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. லசித் மாலிங்கவின் பந்து வேகத்தை மட்டும் வைத்து அவருக்கு யாரும் அஞ்சவில்லை. பக்கவாட்டில் தாழ்ந்து வரும் அந்தக் கையை நடுவரின் உடலிலிருந்து பிரித்தறிவதே பாடாக இருந்தது. தமிழ் யூனியன் கழகத்துக்காக ஆடிய முத்தையா முரளிதரனின் ஓஃப் பிரேக்கையும் தூஸ்ராவையும் மணிக்கட்டில் படிக்கத் தெரியாதவர்கள் ஆடுகளத்தில் குத்திய பிறகு தடுமாறினார்கள். சக்கரத்தைச் சரித்து இரண்டு சுழலையும் மெஷினில் உண்டாக்கலாம். ஆனால் படிப்பதற்கு அங்கே மணிக்கட்டு எங்கே? எந்த மெஷினையும் வாங்க வசதியுள்ள இந்திய அணி இதற்கு என்ன செய்தது என்று பாருங்கள். வலைப்பயிற்சியில் பந்தெறியும் உதவியாளர்களான ரகு, தயா ஆகியோரோடு இலங்கையரான நுவான் செனவிரத்னவையும் 2023இல் எறிகோலால் பந்தெறிய வைத்திருந்தது. இடக்கை வேகத்துக்குத் தயாராவதற்கு நுவானின் இடக்கை. அவ்வாண்டு ஜனவரியில் திருவனந்தபுரத்தில் இலங்கையை வென்ற பின் இந்தியத் துடுப்பாளர்கள் கோஹ்லியும் கில்லும் இந்த மூவரையும் முன்னிறுத்தி நன்றி சொன்னார்கள். நுனியில் கிண்ணம் கொண்ட அந்த நீண்ட எறிகோல், மெஷினோடு ஒப்பிட்டால் மிக மலிவானது. அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் நான் ஒரு கூண்டில் முதலில் தேடுவது.

இதற்கு வரும் பலமான மறுப்பு, பிழை திருத்துவது பற்றியது. புல் ஷொட்டில் தலை சாய்கிற பிள்ளைக்கு ஒரே உயரத்தில் நாற்பது பந்து வேண்டும். எந்த மனிதக் கையும் அதைத் தராது. களைத்த கை தவறி எறிந்தால் பிள்ளைக்கு அடிபடவும் கூடும். முழுவதும் ஏற்கிறேன். திருத்தவேண்டிய ஒரு குறிப்பிட்ட அடி இருக்கும்போதும், ஆரம்பப் பிள்ளைகளுக்கும் மெஷின் நல்லது, தலைக்கவசம் கட்டாயம். ஒரு மணிநேரத்தில் முதல் இருபது நிமிடம் அதற்குப் போதும். திரையில் பந்துவீச்சாளர் ஓடிவர, அவர் கை வரும் இடத்துத் துளையிலிருந்து பந்து வெளியேறும் புரோபட்டர் போன்ற கருவிகள் கை தெரியாத குறையைப் பெருமளவு நிரப்புகின்றன என்பதும் உண்மை. அவற்றின் விலை தேசிய அணிகளுக்கும் பெரிய பயிற்சி நிலையங்களுக்குமே கட்டுப்படியாகும்; மணிக்கூலிக் கூண்டில் எதிர்பார்க்க முடியாது.

எறிபவர் இல்லாத கூண்டுதான் வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது என்றாலும் வழியிருக்கிறது. பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். பந்துவீசும் கூட்டாளி ஒருவனையும் கூட்டிச் சென்று, இருபது நிமிடத்தில் மெஷினை நிறுத்திவிட்டு மாறி மாறி வீசச் சொல்லுங்கள். சுழல்பந்துக்கு மெஷின் அறவே வேண்டாம். மணிக்கணக்கில் எடுத்த வலையில் ஒருவர் நின்றாலும் இருவர் நின்றாலும் பெரும்பாலும் ஒரே வாடகைதான். தொலைபேசியில் பதியும்போதே அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.