ஓய்வறியா மேய்ப்பர்

அமெரிக்க எழுத்தாளர் ஜான் கேரன் அம்மையார் 1994-இல் வெளியிட்ட 'அட் ஹோம் இன் மிட்ஃபோர்ட்' புதினம், வட கரோலினா மலைப்பகுதியில் அவர் கற்பனையில் அமைத்த சிற்றூரொன்றின் பங்கு வாழ்வைச் சித்திரிக்கிறது. ஆங்கிலிக்கன் மரபைச் சார்ந்த எப்பிஸ்கோப்பல் சபையின் பங்கு அது. மணமாகாத பங்குக்குரு திமொத்தி கேவனா, கோவில் பணியாளர் நோயுற்றபோது அவருடைய பேரன் டூலியைத் தம் இல்லத்தில் ஏற்கிறார். அவரது மறையுரையைவிட அச்சிறுவனுக்கு இடும் உணவே நமக்கு நற்செய்தியை உரைக்கிறது. நூலின் மேன்மை இதுவே.

எனினும் களைப்பும் நீரிழிவும் குருவைத் தாக்கும்போது, அதனை அவர்தம் உடல்நலச் சிக்கலாகவே நூல் பெரிதும் காண்கிறது. எல்லாரும் ஒருவரையே நாடிவரும் பங்கு எத்தகையது என்னும் வினாவைக் கதையின் இனிமை மறைத்துவிடுகிறது என்பதே நம் கருத்து. மேய்ப்பரை நேசித்தல் எளிது. அவர் சுமையில் பங்கேற்பது அரிது. அவ்வினாவை நம் பங்குகளில் நாமே எழுப்புவோமாக.