சொந்த ரவுட்டர் போடுங்கள்: ஆர்ச்சர் ஏஎக்ஸ்23 அனுபவம்

ஃபைபர் கனெக்‌ஷனோடு வரும் வெள்ளைப் பெட்டி இரண்டு வேலை பார்க்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக்குகிறது, வைஃபையும் கொடுக்கிறது. முதல் வேலையைக் குறையில்லாமல் செய்யும். இரண்டாவதை நல்ல ரவுட்டரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கு நான் வாங்கியது டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்23.

வைஃபை 6 ரகம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 1201 எம்பிபிஎஸ் என்பது கணக்குக்குத்தான். கையில் கிடைப்பது அதைவிட நன்றாகவே குறைவு. நான் பார்த்து வாங்கியது பின்பக்கத்தை. இன்டர்நெட் வயருக்கு ஒரு போர்ட், வீட்டுக்குள் நான்கு, ஐந்துமே கிகாபிட். மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும். 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு அதில் செருகினால் 95-ஐத் தாண்டாது.

இன்டர்நெட் கம்பெனிக்கு போன் போட்டு, வெள்ளைப் பெட்டியை முதல் வேலையோடு நிறுத்திவிடும் பிரிட்ஜ் மோட் கேட்டேன். முதலில் எடுத்தவர் அப்படி எதுவும் இல்லை என்றார். விடாமல் கேட்டதில் டெக்னீஷியன் வந்து மாற்றிக் கொடுத்தார். இனி ரவுட்டரில் போட வேண்டிய பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் எண் மூன்றையும் அவர் கிளம்புவதற்குள் எழுதி வாங்கிவிடுங்கள். விலான் எண்ணைப் போடும் இடத்தை ரவுட்டர் செட்டிங்கின் இன்டர்நெட் பக்கத்தில் தேடாதீர்கள், ஐபிடிவி/விலான் பக்கத்தில் இருக்கிறது.

பிரிட்ஜ் செய்யாமலே மாட்டினாலும் நெட் வரும். ஆனால் இரண்டு பெட்டியும் தனித்தனியே ஐபி முகவரி வழங்கிக்கொண்டிருக்கும். அதனால் வெளியிலிருந்து வீட்டு கேமரா ரெக்கார்டருக்குள் நேரடியாக நுழைய முடியாமல் திண்டாடுவீர்கள். பிரிட்ஜ் செய்த பிறகும் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் பல வாடிக்கையாளர்களுக்குப் பொதுவான ஒரு முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து உள்ளே வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் எடுபடாது, ஸ்டாட்டிக் ஐபி தனியாகக் கேட்க வேண்டும்.

இதையெல்லாம்விட இடம்தான் முக்கியம். ஃபைபர் வயர் நுழைவது வாசல் பக்கம், பெட்டியும் அங்கேயே. அதற்கும் எங்கள் பின்னறைக்கும் நடுவில் இரண்டு செங்கல் சுவர், ஓர் இரும்பு பீரோ. அந்த மெல்லிய இழையை இஷ்டத்துக்கு மடக்கக் கூடாது என்பதால் பெட்டியை நகர்த்தவில்லை. அதிலிருந்து கேட்6 லேன் கேபிளை இழுத்து, ரவுட்டரை வீட்டின் நடுவில், நடைவழிப் பரணுக்குக் கீழே சுவரில் மாட்டினேன். முன்பு வீடியோ காலில் முகம் உறைந்து நின்ற அதே அறையில் இப்போது பிளான் வேகம் ஏறக்குறைய முழுசாக வருகிறது. பாதி பெருமை கேபிளுக்குத்தான்.

இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இது தாராளம். மாடியும் சேர்ந்தால் இன்னொரு வைஃபை பெட்டி வேண்டும். அதையும் கேபிளில் இணைத்தால்தான் வேகம் குறையாமல் இருக்கும்.

கூடவே ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள். தெருவில் ஃபைபரைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. அதனால் கரண்ட் போனாலும், கம்பெனியின் நிலையத்தில் பவர் இருக்கும்வரை, இந்த இரண்டு பெட்டிகளும் உயிரோடு இருந்தால் நெட் வரும். எங்களுடையவை இரண்டும் 12 வோல்ட். உங்கள் அடாப்டர்களில் வோல்ட், ஆம்பியர் பார்த்து அதற்கேற்ற யுபிஎஸ் வாங்குங்கள்.