பறையும் பந்தும்

நாட்டுப்பாடலுக்கு இன்று நல்ல காலம்! நேற்றுவரை "கூலிக்காரர் கூச்சல்" என்று ஒதுக்கப்பட்ட ஓசை, இன்று நகரத்து அரங்குகளிலே முன்வரிசை நாற்காலிகளை நிரப்புகிறது. பறை முழங்கினால் பட்டதாரிகள் எழுந்து நிற்கிறார்கள். தெம்மாங்கு கேட்டுத் தலையசைக்கிறார்கள். ஒப்பாரி கேட்டுக் கண் கலங்குகிறார்கள். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, பறை அடித்த கைக்கும் மதிப்பு வந்ததே என்று நாடு மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். வரவேற்கத்தக்க மாற்றம் இது, வளரட்டும்!

ஆனால், இந்தச் சுவைஞர்களிலே ஒரு சாரார் இருக்கிறார்கள். பாட்டென்றால் உருகும் இவர்கள், பந்தென்றால் முகம் சுளிக்கிறார்கள். "கால்பந்தா? அது வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆட்டம். மண்ணின் மணம் அதில் ஏது? ஓடுவதும் உதைப்பதும் ஓலமிடுவதும் கலையாகுமா? அதிலும் பெண் பிள்ளைகள் கால்சட்டை அணிந்து ஆடுவதா?" என்று அடுக்குகிறார்கள். அயலானது, கலையற்றது, பெண்ணுக்கு ஆகாதது — இம்மூன்றும் குற்றச்சாட்டுகள். மூன்றையும் பகுத்தறிவுத் தராசில் நிறுத்துப் பார்ப்போம்.

இந்தப் பேச்சு ஏதோ ஒரு மாளிகை முற்றத்தில் எழுந்து அங்கேயே அடங்குமானால், நாமும் கேளாதவர்போல் இருந்துவிடலாம். திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதியிலே எழுவதால்தான் அதற்கு விடை கூற வேண்டியிருக்கிறது. ஏர் உழுத நிலத்திலே இன்று இயந்திரம் உழுகிறது. இரவு ஷிப்டு முடிந்து கம்பெனிப் பேருந்திலே தூங்கிக்கொண்டே திரும்பும் இளைஞர்கள், விடுமுறை நாளன்று வற்றிய ஏரிப் படுகையிலே இரண்டு செங்கற்களை நட்டுக் கோல் கம்பமாக்கி ஆடுகிறார்கள். அதே ஊரில், ஆடி மாதத்துத் திருவிழாவில், அதே இளைஞர்கள் பம்பைக்கும் பறைக்கும் ஆடுகிறார்கள். அவர்களுக்குப் பாட்டும் பந்தும் பகையல்ல. பகை மூட்டுவது, பாட்டைச் சுவைப்பவரேயன்றிப் பாடுபவர் அல்லர்!

முதற் குற்றச்சாட்டு: அயலானது. ஆம், கால்பந்துக்கு இன்றுள்ள விதிகள் 1863-ஆம் ஆண்டு இலண்டனில் வகுக்கப்பட்டவை. மறுப்பார் இல்லை. ஆனால், எங்கள் காஞ்சிபுரம் வட்டாரத்துக் கூத்து மேடையைப் பாருங்கள். முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் நடுவே வீற்றிருந்து விடியவிடியச் சுருதி கூட்டும் ஆர்மோனியம், எந்த ஊர்ச் சரக்கு? பாரிசு நகரத்து தெபேன் என்பார் 1842-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற கருவி அது! "அயலானது" என்று அதனை அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டு தடை செய்தது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. வானொலி விரட்டியதைக் கூத்துக் கலைஞன் விரட்டவில்லை, தன்னுடையதாக்கிக் கொண்டான். இன்று ஆர்மோனியம் இல்லாத கூத்தை நாட்டுப்புறக் கலையன்பர் ஏற்பாரா? பாரிசிலிருந்து வந்த பெட்டி பண்பாடு, இலண்டனிலிருந்து வந்த பந்து பண்பாட்டுக் கேடு என்றால், இது என்ன நீதி?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பறை, இந்த மண்ணிலே பிறந்த கருவிதான். ஆனால், அதை அடித்தவனுக்கு அது எப்போதும் பெருமையாகவா இருந்தது? சாவு வீட்டுக்கு அழைத்தால் போயாக வேண்டும். அடி என்றால் அடித்தாக வேண்டும் — சாதி இட்ட கட்டளை அது! "இனி அடிக்கமாட்டோம்" என்று பறையை எறிந்துவிட்டு நிமிர்ந்த மக்கள் உண்டு. அதே பறையை, பின்னர், தன் விருப்பத்தோடு கையில் எடுத்தவன் விடுதலை முழக்கமாக்கினான். கருவி ஒன்றுதான், கட்டாயத்தில் இழிவாயிற்று, விருப்பத்தில் எழுச்சியாயிற்று! ஆகவே, ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பதைவிட, யார் கையில், யார் விருப்பத்தால், எதற்காக இருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

அந்தக் கேள்வியைப் பந்துக்கும் கேளுங்கள். 1911-ஆம் ஆண்டு சூலை 29-ஆம் நாள், கல்கத்தாவிலே, மோகன் பகான் அணி, ஈஸ்டு யார்க்சயர் பட்டாளத்து வெள்ளையரை 2-1 என்று வென்றது. வென்றவர்களிலே ஒருவர் தவிர மற்றவரெல்லாம் வெறுங்காலர்! ஆண்டவன் கற்றுத் தந்த ஆட்டத்தில் ஆண்டவனையே வீழ்த்தினார்கள் — கோயிலில் இருக்கும் ஆண்டவனைச் சொல்லவில்லை, கோட்டையில் இருந்து ஆண்டவனைச் சொல்கிறேன். அடிமைகளுக்கு அந்த ஓர் ஆட்டம் எத்தனை ஆண்டுகளின் தலைகுனிவைத் துடைத்திருக்கும்!

இரண்டாம் குற்றச்சாட்டு: கலையற்ற கூச்சல். இங்கேதான் நாட்டுப்பாடல் என்றால் என்ன என்றே நம் அன்பர்கள் அறியவில்லையோ என்ற ஐயம் எழுகிறது. இங்கிலாந்திலும் இப்படி ஒருவர் இருந்தார். செசில் சார்ப் என்பது பெயர். 1903-ஆம் ஆண்டு ஒரு தோட்டக்காரர் பாடக் கேட்டு மயங்கி, ஊர் ஊராகத் திரிந்து ஆயிரக்கணக்கான பாடல்களைத் திரட்டினார். அரும்பணி, மறுக்கவில்லை. ஆனால், அவர் தேடியதெல்லாம் எழுத்தறியாத நாட்டுப்புறத்து முதியவர் பாடல். ஆலையிலும் சுரங்கத்திலும் உழைப்பவனுக்கும் பாட்டு உண்டு என்பது அவர் கணக்கில் ஏறவில்லை. பின்னர் ஏ. எல். லாயிடு என்பவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பாடல்களைத் திரட்டி 1952-ஆம் ஆண்டு நூலாக்கியபோதுதான், புகை படிந்த தொண்டையிலும் பாட்டுண்டு என்பதைப் பலர் உணர்ந்தனர்.

நம் நாட்டுச் சுவைஞரும் சார்ப்பின் வழியில் நிற்கிறார்கள். நடவுப் பாட்டு வேண்டும் அவர்களுக்கு. ஆனால் நட்டவளின் பேத்தி இப்போது செல்பேசிப் பாகங்களைப் பொருத்துகிறாளே, அவள் பாட்டு வேண்டாம். வடசென்னையின் கானாவையும் இப்படித்தான் நெடுநாள் தள்ளி வைத்தார்கள். சாவு வீட்டிலே இரவு முழுதும் இறந்தவன் வாழ்வைப் பாடும் அந்தப் பாட்டு, நகரத்துச் சேரியில் பிறந்ததால் "நாட்டுப்புறம்" ஆகவில்லையாம்! 2018-ஆம் ஆண்டு சனவரியில் சென்னையிலே 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறி, கானாவை நிமிர்ந்து நின்று பாடிய பிறகுதான் பல காதுகள் திறந்தன.

அந்தக் கானா ஒலிக்கும் வியாசர்பாடி எது தெரியுமா? கால்பந்தால் 'சின்ன பிரேசில்' என்று பெயர் பெற்ற பகுதி! அங்கிருந்து கிளம்பிய நந்தகுமார் சேகர்தான், 2023-ஆம் ஆண்டு ஆகசுட்டு 12-ஆம் நாள், டூரண்டு கோப்பைப் போட்டியிலே ஈசுட்டு பெங்காலுக்காக ஆடி, மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலை அடித்து வென்று கொடுத்தார். பாட்டும் பந்தும் ஒரே தெருவில் பிறக்கும்போது, ஒன்றைக் கலை என்று தூக்கி, மற்றதைக் கூச்சல் என்று தாழ்த்த எந்த அளவுகோல் இருக்கிறது?

கூச்சல் என்கிறீர்களே, அந்தக் கூச்சலைச் சற்று உற்றுக் கேளுங்கள். கியூபா நாட்டுப் பாடலாகிய 'குவாந்தானமேரா'வின் மெட்டிலே, இங்கிலாந்து நாட்டுத் திடல்களில் தங்கள் ஆட்டக்காரனைப் புகழ்ந்து பாடுகிறார்கள். 1945-ஆம் ஆண்டு மேடை நாடகம் ஒன்றுக்காக இயற்றப்பட்ட பாட்டை, லிவர்பூல் நகரத்தார் 1960-களிலிருந்து தங்கள் ஊர்ப் பாட்டாக்கிப் பல்லாயிரம் குரலில் பாடுகிறார்கள். மெட்டு எங்கிருந்தோ வருகிறது, சொல் மாறுகிறது, எழுதியவன் பெயர் மறைகிறது, கூட்டம் முழுவதும் அதற்கு உரிமையாகிறது. நாட்டுப்பாடல் பிறக்கும் முறை வேறென்ன? ஏட்டிலே தேடுகிறீர்கள், அது திடலிலே பிறந்துகொண்டிருக்கிறது!

மூன்றாம் குற்றச்சாட்டு: பெண்ணுக்கு ஆகாதது. இதுதான் முதலிரண்டுக்கும் அடியிலே மறைந்து கிடக்கும் வேர். நான் அறிந்த ஒரு பள்ளியில், ஆண்டு விழாவுக்கு மாணவியர் பறையாட்டம் பயின்று ஆடினர். பெரியவர்கள் பூரித்தனர், கைதட்டல் கூரையைப் பிளந்தது. அதே மாணவியர் சில மாதம் கழித்துக் கால்பந்து அணி வேண்டும் என்றனர். கைதட்டிய அதே பெரியவர்கள், "பறை நம் பண்பாடு, பந்து எதற்கு?" என்று மறுத்துவிட்டார்கள். விழா நாளில் ஆடுவது அழகு. நாள்தோறும் ஓடினால் அடங்காத்தனம்! பெண் ஆடலாம், பிறர் பார்த்து மகிழ; தான் மகிழ ஆடக்கூடாது என்பதன்றி இதற்கு வேறு பொருள் என்ன?

பண்பாடு பேசுவோரே! சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே 'கந்துக வரி' என்று ஒரு பகுதி உண்டே, பார்த்ததுண்டா? பெண்கள் பந்தடித்துக்கொண்டே பாடும் பாட்டு அது. பந்தும் பாட்டும் பெண்ணும் ஒருங்கே நிற்கும் காட்சியை இளங்கோ தீட்டி வைத்திருக்கிறார். உடனே, "பார்த்தீர்களா, கால்பந்தைக் கண்டவன் தமிழனே!" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது கையால் அடிக்கும் பந்து, கால்பந்து அன்று. பொய்ப் பெருமை நமக்குத் தேவையில்லை. பெண் பந்தாடுவது தமிழ்ப் பண்புக்குப் பகை என்ற புளுகு உடைய, அந்த ஒரு பகுதி போதும்.

எங்கள் மாவட்டத்திலேயே இன்னொரு சான்று. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்துக் குருகுலத்திலே பெண் பிள்ளைகளும் பயின்றார்கள். ஆண்களே பெண் வேடமும் புனைந்து வந்த கூத்திலே, பெண்கள் கட்டை கட்டி மேடையேறினார்கள். கூத்து அழிந்துவிட்டதா? இல்லையே!

உலகத்தையும் பாருங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில், இங்கிலாந்தின் பிரெசுட்டன் நகரத்து டிக் கெர் தொழிற்சாலையிலே வேலை செய்த பெண்கள் ஓர் அணி அமைத்தார்கள். 1920-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் அவர்கள் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டார்கள்! அடுத்த ஆண்டு திசம்பரிலேயே, "இது பெண்டிருக்குப் பொருந்தாது" என்று கூறி, கால்பந்துச் சங்கம் தன் திடல்களின் கதவைச் சாத்தியது. அது திறக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. வெள்ளைக்காரனின் ஆட்டத்தை வேண்டாம் என்பவர்கள், வெள்ளைக்காரன் பெண்ணுக்கிட்ட விலங்கை மட்டும் விரும்பி வாங்கிக்கொள்கிறார்களே, என்னே விந்தை! நம் பெண்களோ 2018-இல் மணிப்பூரையும் 2023-இல் அரியானாவையும் வென்று, தேசிய மகளிர் கால்பந்துக் கோப்பையை இருமுறை தமிழகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் பெயர்கள் எத்தனை வீடுகளில் ஒலித்தன?

திரைப்படமும் பாட்டையும் பந்தையும் இணைக்கப் பார்த்தது. 2019-இல் வந்த 'பிகில்', வடசென்னைப் பாட்டையும் மகளிர் கால்பந்தையும் ஒரே படத்திலே வைத்தது. நல்ல முயற்சி. ஆனால், பெண்கள் ஆடும் படத்தில் பெண்கள் வர நெடுநேரம் ஆகிறது; வந்த பிறகும் வெற்றிக்குரியவன் பயிற்சியாளனாகிய கதாநாயகனே. ஒருத்தியைச் சினமூட்டி ஆட வைக்க அவள் உடலை இழித்துப் பேசுகிறான்; அதையே உத்தி என்று காட்டுகிறது படம். கைதூக்கி விடுவதாகச் சொல்லித் தலையில் குட்டும் கலை இது!

பந்தின் பக்கத்தாரையும் விட்டுவிட முடியாது. ஐரோப்பிய அணிகளின் ஆட்டக்காரர் பட்டியலை நள்ளிரவில் விழித்து மனப்பாடம் செய்யும் இளைஞன், தன் பாட்டியின் பாட்டைப் "பட்டிக்காட்டுப் பழசு" என்கிறான். பாட்டை மட்டும் போற்றுபவன் உழைப்பாளியை நேற்றோடு கட்டிப் போடுகிறான். பந்தை மட்டும் போற்றுபவன் அவனை நேற்றிலிருந்தே வெட்டி எறிகிறான். இருவரும் அவனை முழு மனிதனாகக் காண மறுக்கிறார்கள்.

தோழர்களே! இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாய், 1999 முதல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் பங்காளி. உலகக் கோப்பைத் திடலைச் சுற்றி அந்தப் பெயர் மின்னும்போது, அதில் நம் ஊர்க் கைகளின் வேர்வையும் மின்னுகிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்க 2024-ஆம் ஆண்டு ஆகசுட்டில் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு நகரமே அது! உழைக்க இடம் வந்தது. உறங்க இடம் வந்தது. பாடவும் ஆடவும் இடம் வேண்டாமா? ஊருக்கு ஒரு திடல், பள்ளிக்கு ஒரு பெண்கள் அணி, ஷிப்டு முடிந்தவளுக்கு ஒரு மாலைப் பொழுது — இவை கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள். கேட்க வேண்டிய கூட்டத்தைப் "பாட்டுக்காரன்", "பந்துக்காரன்" என்று பிரித்து வைத்தால், யாருக்கு இலாபம்?

நாட்டுப்பாடல் அன்பரே, உமது பறையை எடுத்துக்கொண்டு அந்த ஏரிக்கரைக்கு வாரும். அங்கே பந்து உருள்கிறது. அதைச் சூழ்ந்து நிற்போருக்குப் புதிய பாட்டு ஒன்று தேவைப்படுகிறது. பெண்களும் ஆண்களும் சேர்ந்தே அதைக் கட்டட்டும். பறையும் சேர்ந்தே முழங்கட்டும்!