ஒரே இழுப்பில்

டைல்ஸ் அறுக்க நம் ஊரில் மார்பிள் கட்டரை விட்டால் வேறு கதி இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 4 இன்ச் வைரப் பிளேடு, காதைக் கிழிக்கும் சத்தம், வேலை முடிந்த பிறகும் ஃபேன் இறக்கையிலிருந்து உதிர்ந்துகொண்டே இருக்கும் வெள்ளைத் தூள். வீட்டில் குளியலறை, சமையலறை என்று வேலை இழுத்துக்கொண்டே போன மாதங்களில், கையால் இழுக்கும் டைல்ஸ் கட்டர் ஒன்றை வாங்கிவைத்துப் புழங்கினேன். இரண்டு கம்பித் தண்டவாளம், அதில் ஓடும் ஒரு கைப்பிடி, கீழே குட்டியாக ஒரு டங்ஸ்டன் கார்பைடு சக்கரம். கரண்ட் வேண்டாம். விவரக் குறிப்பு அவ்வளவுதான்.

இந்தச் சாமானுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கோடு ஒரு தடவைதான் போட வேண்டும்.

சக்கரம் டைல்ஸை அறுப்பதே இல்லை. மேலே ஒரு கீறல் போடுகிறது. அந்தக் கீறலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று இறங்குகிறது. பிறகு கைப்பிடியின் பாதத்தை டைல்ஸ் மேல் வைத்து அமுக்கினால், கீழே இருக்கும் மேடு முட்டுக்கொடுக்க, விரிசல் அடிவரை ஓடி டைல்ஸ் ‘டக்’கென்று இரண்டாகும். அதே கோட்டில் இன்னொரு தடவை இழுத்தாலோ, பலத்தைக் காட்டி அமுக்கி இழுத்தாலோ கீறலின் ஓரம் நொறுங்கிவிடும். அப்புறம் விரிசல் தன் இஷ்டத்துக்குத்தான் போகும். ரம்பம் பிடித்துப் பழகிய கைக்கு, குறைவாக அமுக்கினால் நன்றாக உடையும் என்பது லேசில் மனசில் ஏறாது.

கோடு சரியா என்று கண்ணைவிடக் காதுதான் சொல்லும். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சீராக ‘சர்ர்ர்’ என்று கேட்க வேண்டும். நடுவில் சத்தம் விட்டுப்போனால் அந்த இடத்தில் சக்கரம் துள்ளியிருக்கிறது, உடையும்போது அங்கேதான் கோணும். பெரும்பாலும் ஒரு மணல் துணுக்குதான் காரணம். கோடு போடுமுன் துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். டைல்ஸின் முதுகில் வரிவரியாக மேடு இருந்தால் அந்த வரியோடு சேர்ந்த திசையில் வெட்டுவது நல்லது, குறுக்கே போனால் சண்டித்தனம் செய்யும்.

எங்கள் மேஸ்திரி இதைப் பார்த்ததும், “இது பொம்மை சார். சதுர அடிக் கணக்குல வேலை பாக்குறவனுக்கு இதெல்லாம் ஒத்து வராது” என்றார். “ஒரு துண்டு போட்டுப் பாருங்கண்ணே” என்றேன். போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நேர் வெட்டு வந்தபோதெல்லாம் டைல்ஸை என் பக்கம் நீட்டினார். மற்றதற்கு மார்பிள் கட்டரை மட்டும் கீழே வைக்கவே இல்லை. அவர் முகத்தில் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை. விட்ரிஃபைடு டைல்ஸில் களிமண், ஃபெல்ட்ஸ்பாரோடு குவார்ட்ஸும் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் விடாமல் அறுத்தால் பறக்கும் நுண்தூளில் சிலிக்கா இருக்கும். அதை வருஷக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ். கெட்ட நுரையீரலைத் திருப்பிச் சரிசெய்ய வைத்தியம் கிடையாது. கைக்குட்டை அந்தத் தூளைத் தடுக்காது. அந்தத் தூளைக் கிளப்புவதில்லை என்ற ஒரு காரணத்துக்காகவே இந்தக் கைக் கட்டரின் எத்தனையோ குறைகளை நான் மன்னிப்பேன்.

குறைகள் இருக்கின்றன. அளவுகோல் முழுக்க மில்லிமீட்டர். மேஸ்திரி சொல்வதோ “ஆறு இன்ச் ரெண்டு நூல்”. ஒவ்வொரு துண்டுக்கும் நான் மனக்கணக்கு போட்டேன். அடுத்தது, ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸுக்குப் போதும் என்று 600 மி.மீ. கட்டரைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். டைமண்ட் டிசைனில் போட மூலைக்கு மூலை வெட்ட வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 849 மி.மீ. வேண்டும். அதைக் கடையில் ஒருவரும் சொல்வதில்லை. மாற்றுச் சக்கரம் தேடுவது தனிக் கொடுமை. ஆன்லைனில் வாங்கியதன் விட்டம் சரி, நடுத்துளை வேறு. விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. பார்சிலோனா பக்கத்து ஊரின் பெயரையே தன் பெயராக வைத்திருக்கும் ஸ்பெயினின் ரூபி கம்பெனி 1951 முதல் இந்த வேலையில் இருக்கிறது. அதன் கட்டரை வீடியோவில் பார்த்துப் பெருமூச்சு விடலாம், என் பட்ஜெட் அதோடு சரி.

அரை இன்ச்சுக்கும் குறைவான பட்டை, ‘எல்’ வெட்டு, ஓட்டை, இந்த மூன்றுக்கும் இது உதவாது. அங்கே வைரம்தான். ஓட்டை போட டிரில்லில் கான்கிரீட் பிட்டை மாட்டி ஹாமர் மோடில் டைல்ஸ் மேல் வைத்தால் மேல் பூச்சு சில்லுசில்லாகப் போகும். வைரத்துகள் பதித்த குழாய் பிட்டுக்கு நடுவில் முனை கிடையாது, நேராக வைத்தால் வழுக்கி ஓடும். சாய்த்துப் பிடித்துப் பிறை மாதிரி ஒரு தடம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்த வேண்டும். வேகம் குறைவாக, தண்ணீர் தாராளமாக. டைல்ஸைத் தாண்டியதும் சாதாரண பிட்டுக்கு மாறி அப்போது ஹாமரைப் போடலாம். குழாய்க்கான பெரிய பிட்டுகளில் இன்னொரு எரிச்சல்: பலவற்றில் இருப்பது எம்14 மரை, நம் வீடுகளில் இருக்கும் 4 இன்ச் கிரைண்டரிலோ எம்10. அடாப்டர் போட்டால் ஆட்டம் கொடுக்கிறது. வாங்குமுன் மரையைப் பாருங்கள்.

ஒரு அறைக்கு மட்டும் டைல்ஸ் போடுகிறவர் இந்தக் கட்டரை வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைத்தால் போதும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் கடைக்கு ஒரு உடைந்த டைல்ஸ் துண்டோடு போங்கள். கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். ஆடாவிட்டால் அந்தத் துண்டில் ஒரு கோடு இழுத்துச் சத்தத்தைக் கேட்ட பிறகு விலை பேசுங்கள்.