கூட்டிசையும் இரக்கமும்: ஒரு மதிப்பீடு

இசை எல்லார்க்கும் பொது என்பது யாவரும் ஒப்பும் கூற்று. ஆயினும் அக்கூற்று நடைமுறையில் எத்துணைச் சிறிதளவே நிறைவேறுகின்றது என்பது இசையரங்கின் வாயிலில் நின்று நோக்குவார்க்கு எளிதிற் புலனாகும். பாடத் தெரிந்தோர் பாடுவர், வாசிக்கத் தெரிந்தோர் வாசிப்பர், ஏனையோர் கேட்பர். கேட்போர் வரிசையிலும் அருகியே இடம்பெறும் ஒரு சாரார் உளர். எழுத்தையும் எண்ணையும் பிறரைப் போல விரைந்து கைக்கொள்ள மாட்டாத, கற்றலிடருடைய இளையோரே அவர். இவர்களையும் சேர்த்து இசை நிகழ்த்தும் முயற்சிகள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவிற் பல இடங்களில் நடைபெற்று வந்துள்ளன. அவற்றுக்குப் பாராட்டுக் குறைவின்றிக் கிடைத்துள்ளது. ஆனால், இசை என்ற அளவில் வைத்து அவற்றை மதிப்பிடும் முயற்சி அருமையாகவே காணப்படுகின்றது. பாராட்டு மிகுந்து மதிப்பீடு குன்றுவது அவ்விளையோர்க்கு நன்மை பயப்பதாமோ என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

வினாவின் கருத்தைச் சிறிது விரித்துரைப்பாம். ஓர் இளைஞனின் பாட்டைக் கேட்டு, ‘இவனுடைய நிலையில் இதுவே பெரிது’ என்று கூறிக் கைதட்டுவோர் அப்பாட்டைக் கேட்டவராகார். பாடுவோனின் குறையையே கேட்டவராவர். பிழை கூறப்படாத மாணவன் மாணவனாகக் கருதப்படாதவன். அவ்வாறே, குற்றங்குறை ஆராயப்படாத கலைஞன் கலைஞர் வரிசையிற் சேர்க்கப்படாதவன். எனவே இத்தகைய இசைக்குத் திறனாய்வை மறுப்பதும் ஒருவகைப் புறக்கணிப்பேயாகும். அது கனிவுடைய புறக்கணிப்பு. ஆதலின் கண்டறிதற்கு அரியது.

இத்துறையின் வரலாற்றில் முதற்கண் நோக்கத்தக்கது போல் நோர்டொவ், கிளைவ் றொபின்ஸ் என்னும் இருவர்தம் பணி. முன்னவர் 1909 இற் பிறந்த அமெரிக்க இசையமைப்பாளர். பின்னவர் 1927 இற் பிறந்த ஆங்கிலேய ஆசிரியர். இங்கிலாந்தின் வூஸ்டர்சயர்ப் பகுதியிலுள்ள சன்பீல்ட் என்னும் சிறுவர் இல்லத்தில் 1959 ஆம் ஆண்டு இவ்விருவரும் கூடித் தொழிற்படத் தொடங்கினர். பிள்ளையின் முன் ஒரு முரசும் ஒரு கைத்தாளமும் வைக்கப்படும். நோர்டொவ் பியானோ முன் அமர்வார். பிள்ளை முரசை எவ்வாறு அறையினும், அவ்வறைதலின் விரைவையும் வலிமையையும் பற்றிக்கொண்டு அவர் அக்கணமே இசை புனைவார். பிள்ளை அழுதால் அவ்வழுகையின் சுருதியே பாட்டின் சுருதியாகும். றொபின்ஸ் பிள்ளையின் அருகிலிருந்து துணைபுரிவார்.

இம்முறையின் பெருமை யாது? அதுகாறும் ஆசிரியர் தாளத்தை வகுத்தார். அதற்கு இசையாத பிள்ளை தவறியவன் எனப்பட்டான். ஈண்டு அம்முறை தலைகீழாயிற்று. பிள்ளையின் அடி முதலில் வருகின்றது. இசையறிந்தவர் அதனைத் தொடர்கின்றார். தவறு என்று தள்ளப்பட்ட அடி ஒரு பாட்டின் தொடக்கமாகின்றது. கேட்கப்படுகின்றோம் என்பதை உணர்ந்த பிள்ளை தானும் கேட்கத் தொடங்குகின்றது. கூட்டிசை என்பதன் வித்து இதுவே.

எனினும், பாராட்டோடு நின்றுவிடுதல் நாம் மேலே கண்டித்த பிழையையே செய்வதாகும். தேர்ந்த பியானோக் கலைஞர் ஒருவர், எத்தகைய ஒலியின் கீழும் பொருத்தமான இசையமைதிகளை வைத்து அதனை இனிமையாக்க வல்லவர். அந்நிலையில் நாம் கேட்டு மகிழ்வது பிள்ளையின் இசையையோ, பெரியவரின் கைவன்மையையோ என்னும் ஐயம் எழுகின்றது. பின்னணி அழகுற அழகுறப் பிள்ளையின் அடி அதனுள் மறைந்துபோதலும் கூடும். இவ்வையத்துக்கு ஒலிப்பதிவுகளே விடைதரும். பிள்ளை நிறுத்தும்போது இசையும் நிற்கின்றதா? பிள்ளை விரைந்தால் இசையின் போக்கு மெய்யாகவே மாறுகின்றதா? மாறுமாயின் அது கூட்டிசை. மாறாதாயின் அது ஒருவர் வாசிக்க மற்றவர் அணியாக அமர்ந்த காட்சி.

நோர்டொவும் றொபின்சும் பிள்ளைகள் குழுவாக வாசித்தற்கென்றும் பாடல்கள் அமைத்தனர். நான்கு முரசுகளும் ஒரு பியானோவும் ஒரு பாடகரும் சேர்ந்து நிகழ்த்தும் இசைவிளையாட்டு அவற்றுள் ஒன்று. அங்கே ஒரு பிள்ளைக்குரிய பங்கு மிகச் சிறிதாகவே இருக்கலாம். ஆனால் உரிய இடத்தில் அவ்வடி விழாவிடிற் பாட்டு நிறைவுறாது. பங்கின் அளவு சிறிது. அதன் தேவையோ முழுமையானது. நம்மவர்க்கு இது புதுமையான கருத்தன்று. நாகசுர மேளத்தில் ஒத்து ஊதுவோர் இருந்த காலத்தில், அவர் சுரவரிசையாக எதனையும் வாசித்தாரல்லர். ஒரே சுருதியை இடையறாது தாங்கிநின்றார். அவரின்றி நாகசுரக்காரரின் இராகம் நிலைகொள்ளாது என்பதை எவரும் அறிவர். அவ்விடத்தை இன்று பெரும்பாலும் சுருதிப்பெட்டி பெற்றுவிட்டது. மேளத்தில் ஒரு மனிதர்க்கு இருந்த இடம் அதனோடு மறைந்தது என்பதையும் கூடவே எண்ணிப்பார்த்தல் தகும்.

அடுத்து நாம் நோக்கவேண்டியது நோர்வே நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள சன்டானெ என்னும் சிற்றூர். பிரின்யுல்வ் ஸ்டீகெ என்னும் இளம் இசை மருத்துவர் 1983 இல் அங்கே பணியேற்றார். கற்றலிடருடைய சிலரைக் கொண்ட ஒரு குழு அவரிடம் இசை பயில வந்தது. பயிற்சி நடந்த மண்டபம் ஊர் வாத்தியக் குழுவினரும் பயன்படுத்திய இடம். அக்குழுவின் படங்கள் அதன் சுவரில் மாட்டப்பட்டிருந்தன. உள்ளே வந்தவருள் ஒருவர் அப்படங்களைப் பார்த்து, இக்குழுவில் நாங்களும் வாசிக்கலாமா என்று வினவினார். இந்நிகழ்ச்சியை ஸ்டீகெ பின்னர்த் தம் நூல்களிற் பதிவுசெய்துள்ளார்.

அவ்வினா எளியது, அதன் விளைவு பெரிது. அதுவரை இசை மருத்துவம் மூடிய அறையினுள் நிகழ்வதாகக் கருதப்பட்டது. உள்ளே வருவோரை மாற்றுவதே அதன் தொழில் எனவும் எண்ணப்பட்டது. ஊர்க்குழுவிற் சேர விரும்பும் ஒருவர்க்கு அறையினுள் எத்துணை பயிற்சி அளித்தாலும், ஊர்க்குழு தன் வழக்கங்களைத் தளர்த்தாவிடில் அவர் வெளியிலேயே நிற்பார். ஆகவே மருத்துவரின் பணி குழுவினரோடு முடியாது, ஊரிலுள்ள இசைச் சங்கங்களோடும் தொடரவேண்டியதாயிற்று. அந்நாட்டில் இத்தகையோரை அடைத்துவைத்த பெருவிடுதிகளை மூடி, அவரவர் ஊரிலேயே வாழச்செய்யும் சீர்திருத்தம் 1991 இல் நடைமுறைக்கு வந்தது. ஊரில் வீடு கிடைத்தல் ஒன்று. ஊரின் பாட்டில் இடம் கிடைத்தல் வேறொன்று. முன்னதைச் சட்டம் தரலாம். பின்னதைத் தருவோர் அவ்வூரில் இசைப்போரே.

இக்கருத்து நாளடைவிற் ‘சமுதாய இசை மருத்துவம்’ என்னும் பெயரோடு ஒரு துறையாக வளர்ந்தது. மெர்சிடிஸ் பவ்லிசெவிக், கரி அன்ஸ்டெல் ஆகியோர் தொகுத்த நூல் 2004 இல் அப்பெயராலேயே வெளிவந்தது. இதற்குத் துணையாக நின்ற கொள்கை நியூசீலந்திற் பிறந்த கிறிஸ்தோபர் ஸ்மோல் 1998 இல் வெளியிட்ட நூலிற் காணப்படுவது. இசை என்பது ஒரு பொருளன்று, மக்கள் கூடிச் செய்யும் ஒரு செயல் என்பது அவர் துணிபு. அக்கொள்கை பரந்த நோக்குடையது. ஆயினும் ஒரு வழுவுக்கும் இடந்தருவது. செயலே இசை என்றால், கூடியிருந்தாற் போதும், ஒலிப்பது எவ்வாறாயினும் ஆகுக என்று சிலர் பொருள்கொள்ளலாம். அவ்வாறு கொள்ளின், மீண்டும் இரக்கத்தின் வாயிலுக்கே வந்துசேர்வோம். கூடிச் செய்யும் செயலாதலினாலேயே அதனை நன்றாகச் செய்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

நன்றாகச் செய்தற்குக் கல்வி வேண்டும். இவ்விடத்திற் பின்லாந்து நாட்டின் முயற்சி தனிச்சிறப்புடையது. ஹெல்சிங்கி நகரிலுள்ள ரெசொனாரி என்னும் இசைப்பள்ளி கற்றலிடருடையோர்க்கு முறையான இசைக் கல்வி அளிக்கின்றது. கார்லோ ஊசித்தாலோ என்பார் 1990களில் வகுத்த உருவச் சுரக்குறிகள் அங்கே பயன்படுகின்றன. மார்க்கு கைக்கொனென் அவற்றைக் கற்பித்தலில் வளர்த்தெடுத்தார். அம்முறையில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நிறம் உண்டு. ‘ஸீ’ என்னும் சுரம் சிவப்பு; ‘எவ்’ நீலம்; ‘ஏ’ மஞ்சள். சுரம் எந்தத் தாயியைச் சேர்ந்தது என்பதைச் சதுரம், வட்டம், முக்கோணம் முதலிய உருவங்கள் காட்டும். குறியின் நீளம் சுரத்தின் கால அளவைக் காட்டும். தாளிலுள்ள அதே குறி பியானோக் கட்டையிலும் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்க்கத் தெரிந்தவர் வாசிக்கத் தொடங்கலாம்.

இது சிறுவர் விளையாட்டுப் போலத் தோன்றலாம். இசையின் தரத்தைத் தாழ்த்திவிட்டனர் என்று குறைகூறுவாரும் இருக்கலாம். ஆராய்ந்து நோக்கின் அக்குறை நில்லாது. வழக்கமான மேனாட்டுச் சுரக்குறி எச்செய்திகளைத் தருகின்றதோ, அவற்றுள் இன்றியமையாதனவற்றை இதுவும் தருகின்றது. குறைக்கப்பட்டது இசையன்று, அதனை அடைதற்கு இடையே நின்ற மறைபொருளே குறைக்கப்பட்டது. கோடுகளையும் புள்ளிகளையும் எண்ணி எண்ணிக் களைத்துப்போன மாணவன், தன் செவியையும் கையையும் இசைக்கே செலுத்தும் வாய்ப்பைப் பெறுகின்றான். பிழைவிடும்போது அப்பிழையை அவனே காணமுடிகின்றது. திருத்தத்தக்க பிழை உண்டாகிய இடத்திலேதான் கல்வி தொடங்குகின்றது.

இனி, மதிப்பீட்டின் முன் துணிந்து நின்றோரைப் பற்றிச் சில கூறுவாம். அதே நகரிற் கற்றலிடருடைய நால்வர் சேர்ந்து 2009 இல் ஒரு பங்க் இசைக்குழுவை அமைத்தனர். ‘பெர்த்தி குரிக்காவின் பெயர்நாள்’ என்பது அதன் பெயரின் பொருள். இவர்கள் இளையோரல்லர், பெயருக்குரிய கித்தார்க் கலைஞர் ஐம்பதைக் கடந்தவர். ஆயினும் இளையோர்க்குக் கற்பிக்கும் இசை எங்கே சென்று சேரலாம் என்பதற்கு இவர்கள் சான்றாவர். 2015 இல் வியன்னாவில் நடைபெற்ற யூரோவிஷன் பாட்டுப் போட்டியிற் பின்லாந்தின் சார்பில் இவர்கள் பங்குகொண்டனர். பாட்டின் நீளம் 1 நிமிடம் 27 விநாடி. அப்போட்டியின் வரலாற்றிலேயே மிகக் குறுகிய பாட்டு அதுவாகும். இரக்கத்தால் எமக்கு வாக்களிக்கவேண்டா என்று அவர்கள் வெளிப்படையாகவே கூறினர்.

அப்பாட்டு இனிமையானதன்று. அதன் குரல் கரகரத்தது. இசைநிலைகளும் மிகச் சில. ஆனால் அதன் பொருளை நோக்குக. வீட்டைத் துப்புரவு செய், பாத்திரம் கழுவு, மருத்துவரிடம் போ, இனிப்பு உண்ணாதே என்று நாள்முழுதும் பிறர் ஏவ வாழும் ஒருவனின் சினமே அப்பாட்டு. அச்சினத்துக்கு நீண்ட ஆலாபனை பொருந்துமோ? கட்டளைகள் எவ்வாறு குறுகியும் இடைவிடாதும் வருகின்றனவோ, அவ்வாறே பாட்டும் வந்து முடிகின்றது. பொருளும் வடிவும் ஒன்றியிருத்தல் நல்ல கலையின் இலக்கணமாயின், இப்பாட்டு அதனைப் பெற்றுள்ளது. வேறுபாடின்மை அதன் குறை. இரண்டாம் முறை கேட்பார்க்குப் புதிதாக ஒன்றும் கிட்டாது. அக்குழு அரையிறுதியிலேயே கடைசி இடம்பெற்று நீங்கியது. தோல்வியென்று அதனை வருந்துவார் வருந்துக. பிற நாட்டுக் கலைஞர் ஏறிய மேடையில் ஏறி, அவர்க்குரிய அளவுகோலாலேயே அளக்கப்பட்டமை, இரக்கத்தாற் பெறும் பரிசினும் உயர்ந்ததென்றே நாம் கருதுகின்றோம்.

மேற்கூறியவற்றினின்று மூன்று அளவைகள் பெறப்படுகின்றன. இவ்விளைஞன் வாராதொழியின் இசையில் ஒரு குறை செவிக்குப் புலப்படுமா என்பது முதலாவது. இவனைச் சேர்த்தமையால் குழுவின் இசை தன் அமைப்பில் ஏதேனும் மாறியதா என்பது இரண்டாவது. எதனை வாசிப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றில் இவனுக்குச் சொல்லுரிமை உண்டா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ‘ஆம்’ என விடை வருமாயின் அது கூட்டிசை. முதலாவதற்கே ‘இல்லை’ என விடை வருமாயின், மேடையின் ஓரத்தில் அவன் கையிலே கொடுக்கப்பட்ட கிலுகிலுப்பை நம் மனச்சாட்சியின் அமைதிக்கே பயன்பட்டதாகும்.

பள்ளி இசைவிழாக்களை நடத்தும் ஆசிரியர்க்கும் அவற்றிற் பங்குபெறும் மாணவர்க்கும் இவ்வளவைகள் பயன்படத்தக்கன. குழுவைத் தெரிந்த பின்னர் எஞ்சியோர்க்கு இடந்தேடுதல் ஒரு முறை. வந்தோர் அனைவரையும் நோக்கி, அவர்க்கேற்ப இசையை அமைத்தல் மற்றொரு முறை. பின்னது கடினமானது, மிகுந்த இசையறிவை வேண்டுவது. ஒரு சுரத்தையே தாங்கவல்ல ஒருவர்க்கு, அச்சுரமின்றி நில்லாத ஒரு பாட்டை அமைத்துத் தருதற்கு வல்லமை மிக்க இசையாசிரியர் வேண்டும். அத்தகைய பாட்டு அரங்கேறும் நாளில் அவையோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கைதட்டுவதற்கு முன் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். கேட்டபின், நன்றாயின் நன்றென்றும் குறையுடைத்தாயின் குறையுடைத்தென்றும் அவ்விளையோரிடமே கூறுதல் வேண்டும்.