முதலும் வழியும்: ஸ்பானியக் கிற்றார்க் கைவினை பற்றிய ஓர் ஆய்வு

தமிழ் இலக்கண நூலார் நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினர். வழிநூலாவது முதனூலின் முடிபோடு முரணாது நிற்பது. ஆயினும் பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் உடையது. அது முதனூலைப் பார்த்தெழுதிய படியன்று. ஏட்டைப் படியெடுப்போன் எழுத்தைக் காக்கின்றான். வழிநூல் செய்வோன் கருத்தைக் காக்கின்றான். இவ்வேறுபாடு நூல்களுக்கு மட்டும் உரியதன்று, கைவினைகளுக்கும் பொருந்துவதாகும். பழைய ஸ்பானியக் கருவிகளை மாதிரியாகக் கொண்டு இன்று பல நாடுகளிலும் கையால் ஆக்கப்படும் கிற்றார்கள் படிகளா, வழிநூல்களா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இன்று கச்சேரி மேடைகளிற் காணப்படும் ஆறு நரம்புக் கிற்றாரின் வடிவை நிலைபெறச் செய்தவர் அந்தோனியோ டி தொரெஸ் (1817–1892) என்பவர். ஸ்பெயினின் தென்பகுதியில் அல்மேரியாவை அடுத்த சிற்றூரிற் பிறந்த அவர், தச்சுத்தொழில் பயின்று, பின்னர் செவில் நகரிற் கருவி செய்யலானார். 1858ஆம் ஆண்டு அந்நகரில் நடைபெற்ற கண்காட்சியில் அவருடைய வேலைப்பாடு வெண்கலப் பதக்கம் பெற்றது. எனினும் 1870ஆம் ஆண்டளவில் அத்தொழிலைக் கைவிட்டு, அல்மேரியாவிற் பீங்கானும் கண்ணாடிப் பொருளும் விற்கும் கடை நடத்தினார். 1875இல் மீண்டும் உளியைக் கையிலெடுத்து, இறக்குங்காறும் கருவிகள் செய்தார்.

அவர் தீர்க்க முயன்ற சிக்கல் எளிதிற் புலப்படுவதே. முறுக்கேற்றிய நரம்புகள் குதிரையை இடைவிடாது இழுக்கின்றன. அவ்விழுவையைத் தாங்கத் தடித்த முகப்பலகை வேண்டும். ஆனால் தடித்த பலகை நன்கு அதிராது. மெல்லிய பலகை நன்கு அதிரும். ஆனால் நாளடைவில் வளைந்து கெடும். தொரெஸ் உடலைப் பெரிதாக்கினார். முகப்பலகையை ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் அளவிற்கு இழைத்து, அதற்குச் சற்றே மேற்குவிந்த வளைவு கொடுத்தார். அதன் உட்புறத்தில் 7 மெல்லிய சட்டங்களை விசிறிபோல் விரித்து ஒட்டினார். வளைவும் விசிறியும் வலிமை தந்தன. மென்மை ஓசை தந்தது. நரம்பின் அதிரும் நீளம் ஏறத்தாழ 650 மில்லிமீற்றர் என்பதும் அவர்க்குப்பின் பொதுவழக்காயிற்று.

ஆயின், இவற்றை அவரே கண்டுபிடித்தார் என்று கொள்வது பிழையாகும். விசிறிச் சட்டங்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே செவில், காதிஸ் முதலிய நகரத்துக் கைவினைஞரிடம் வழங்கின. தொரெஸ் செய்தது புதுமை படைத்தலன்று. சிதறிக் கிடந்தவற்றைத் தொகுத்து, ஒன்றற்கொன்று இயையுமாறு அளவறிந்து அமைத்தலேயாகும். எனவே இன்று முதனூலாகப் போற்றப்படுவதும் ஒரு காலத்து வழிநூலே என்பது போதரும். தொரெஸின் கருவியைத் தொடக்கமும் முடிவும் அதுவே எனக் கொண்டு அணுவும் பிசகாது படியெடுப்போர் நோக்கத்தவறியது இவ்வுண்மையையே.

1862இல் அவர் செய்த ஒரு கருவி இவ்விடத்து நினைக்கத்தக்கது. அதன் முகப்பலகை மரத்தாலாயது. முதுகும் பக்கங்களும் வெறும் காகித அட்டையாலாயவை. இது இன்று பார்சிலோனா இசை நூதனசாலையில் உள்ளது. கிற்றாரின் ஓசைக்கு முதன்மையான காரணம் முகப்பலகையே என்பதை நாட்டவே அவர் இதனைச் செய்தார் என்பர். ஆயினும் இக்கருவியைக் கொண்டு மற்றை மரங்களாற் பயனில்லை என முடிவுகட்டுதல் மிகையாகும். அதன் பின்னரும் அவர் அட்டையில் நில்லாது, மேப்பிள், சைப்பிரசு, ரோஸ்வூட் ஆகிய மரங்களையே கொண்டு முதுகும் பக்கமும் அமைத்தார். முதன்மையானது எது, துணையாவது எது என்பதையே அட்டைக் கிற்றார் உணர்த்துகின்றது. துணை வேண்டா என்று அது கூறவில்லை.

தொரெஸின் வேலையின் மறைபொருள் யாது என்று அவர் காலத்தவரே வினவினர். அவரை நேரில் அறிந்த பாதிரியார் ஒருவர் பின்னாளில் எழுதிய கடிதமொன்றில் அதற்கான விடை காணப்படுகின்றது. அம்மறைபொருள் தம் விரல் நுனிகளில் உள்ளது என்றும், பலகையின் தடிப்பை அவையே அறியும் என்றும், ஆதலின் அதனைப் பிறர்க்கு விட்டுச்செல்லல் இயலாதென்றும் தொரெஸ் கூறினாராம். இதனைத் தன்னடக்கமென்றோ தற்பெருமையென்றோ கொள்ளாது, தொழிலின் இயல்பை உரைத்த மொழியாகவே கொள்ளல் தகும். ஒரே மரத்தில் அறுத்த இரு பலகைகளும் விறைப்பில் ஒத்திருப்பதில்லை. ஒன்று 2 மில்லிமீற்றரில் இசைக்கும். மற்றொன்று அவ்வளவில் ஊமையாகும். பழைய கருவியின் தடிப்பை நுண்கருவியால் அளந்து அவ்வெண்ணைப் புதிய பலகையிற் செதுக்குவோன், எண்ணைப் பெறுகின்றான், ஓசையை இழக்கின்றான்.

வழிநூலாசிரியர் எத்தகையர் என்பதற்கு மியூனிக் நகரத்து ஹேர்மன் ஹவுசர் (1882–1952) சிறந்த சான்றாவர். முதலில் அவர் தம் நாட்டு மரபிலேயே கிற்றார்கள் செய்துவந்தார். 1924இல் அந்நகருக்கு வந்த அந்திரேஸ் செகோவியா, மானுவேல் ராமிரெஸின் பட்டறையில் 1912இல் ஆக்கப்பட்ட தம் கருவியை அவர் ஆராய இடமளித்தார். அதன்பின் ஹவுசர் ஆண்டுகள் பல ஸ்பானிய முறையிற் பயின்றார். செகோவியா மனமுவந்து தம் கருவியாக ஏற்ற ஹவுசர் கிற்றார் 1937இலேயே பிறந்தது. அவ்விடைக்காலமே கருதத்தக்கது. படியெடுத்தலே நோக்கமாயின் சில திங்கள் போதும். ஒரு மரபின் உள்ளக்கருத்தை அறிதற்கு ஆண்டுகள் வேண்டும். ஹவுசரின் ஓசை தொரெஸின் ஓசையன்று. தெளிவும் ஒழுங்கும் மிக்க வேறோர் ஓசை. ஆயினும் மரபறிந்தோர் எவரும் அதனை அயலது என்று தள்ளினாரல்லர்.

மாட்றிட்டிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறித் தொழில் செய்த ஹோசே லூயிஸ் ரொமனில்லோஸ் (1932–2022) மற்றொரு சான்று. தொரெஸின் வாழ்வையும் கருவிகளையும் ஆராய்ந்து 1987இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு ஆதாரநூலாக விளங்குகின்றது. தொரெஸை அவரினும் நுணுகி அளந்தவர் அரியர். அத்தகையரே தம் கருவிகளின் ஒலித்துளையைச் சூழக் கோர்தோபாப் பள்ளிவாசலின் வளைவுத் தூண்வரிசையைச் சித்திரமாக இழைத்தார். முதலை நன்கறிந்தவர்க்கே அதனின்று வேறுபடும் உரிமை உண்டு என்பதை அவர் வேலை காட்டுகின்றது.

இம்மரபிற்கு மறுப்பும் உண்டு. அவுஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மோல்மன் என்பார் விசிறிச் சட்டங்களை நீக்கி, பால்சா மரமும் காபன் இழையும் கொண்ட வலைப்பின்னற் சட்டங்களை மிக மெல்லிய முகப்பலகைக்குக் கீழ் அமைத்தார். ஜோன் வில்லியம்ஸ் போன்ற பெருங்கலைஞர் அக்கருவியை ஏற்றனர். பெரிய மண்டபங்களில் அது எட்டுந் தொலைவிற்குப் பழங்கருவி எட்டுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் ஓசையின் அளவு வேறு, ஓசையின் நிறம் வேறு. வலக்கை விரலைக் குதிரைக்கு அணித்தாகவும் சேய்த்தாகவும் பெயர்த்து ஒரே சுரத்திற் பல சாயல்களைக் காட்டும் இசைஞன் பழைய முறையை எளிதிற் கைவிடான். இரண்டனுள் ஒன்றைப் பொய்யெனல் வேண்டா. ஒன்றற்காக மற்றொன்றை மறத்தலே இழப்பாகும்.

மரங்களும் மாறிவிட்டன. பிரேசில் ரோஸ்வூட்டின் பன்னாட்டு வாணிகம் 1992இல் தடைசெய்யப்பட்டது. பல கைவினைஞர் தென்னிந்தியக் காடுகளின் ஈட்டி மரத்தைக் கொண்டே முதுகும் பக்கமும் அமைக்கின்றனர். எழுத்துப் பிசகாது முதலைப் பின்பற்றுவேன் என்போன் இங்கே வழியின்றி நிற்பான். கருத்தைப் பின்பற்றுவோன் கைக்கெட்டிய பலகையைத் தட்டிப் பார்த்து, அது வேண்டும் தடிப்பை அதனிடமே கேட்டறிவான்.

ஆகவே, பழங்கருவியை மாதிரியாகக் கொள்வோரின் வேலையை மதிப்பிடுங்கால், முதலோடு எத்துணை ஒத்தது என்று வினவுதல் போதாது. முதலைச் செய்தவன் இன்று இம்மரத்தை ஏந்தி நின்றால் யாது செய்வான் என்பதை உணர்ந்து செய்யப்பட்டதா என்பதே தக்க வினா. தொரெஸ் தம் விரல்களை எவர்க்கும் கொடுத்துச் செல்லவில்லை. விரல்களைப் பழக்கும் வழியையே விட்டுச் சென்றார். மரபு என்பது அவ்வழியேயன்றிப் பிறிதன்று.