நூலும் நூலாக்கமும்: மாணவர் ஆய்வுகள் எழுப்பத் தவறிய வினா

1

ஈழத்துத் தமிழ் இலக்கியம் பற்றிய மாணவர் ஆய்வுகள் இன்று ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையாகக் காணப்படுகின்றன. சிறப்புக்கலைமாணிப் பட்டத்துக்குப் பயிலும் இறுதியாண்டு மாணவர் ஒருவர் ஒரு நாவலாசிரியரையோ சிறுகதையாசிரியரையோ தேர்ந்துகொள்கிறார். முதல் இயலில் ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறும். அடுத்து அவர் வாழ்ந்த காலத்தின் அரசியல், சமூக, பொருளாதாரப் பின்னணி வரும். பின்னர் கதைப்பொருள், பாத்திரப் படைப்பு, மொழிநடை என்பன தனித்தனி இயல்களாக அமையும். முடிவுரை, அவ்வாசிரியர் இலக்கிய வரலாற்றிலே குறிப்பிடத்தக்க இடத்தைப் பெறுகிறார் என்று கூறி நிறைவுறும்.

இவ்வமைப்பு முற்றாகப் பயனற்றது என்பது எமது கருத்தன்று. பயிற்சி நிலையில் ஒரு சட்டகம் வேண்டியதே. ஆயினும் இச்சட்டகத்தினுள் நுழையாத ஒரு வினா உண்டு. எழுத்தாளரின் கைப்பிரதி எவ்வாறு நூலாயிற்று என்பதே அவ்வினா. அதனை அச்சிட்டவர் யார், கடுதாசிக்குப் பணம் கொடுத்தவர் யார், எத்தனை பிரதிகள் அடிக்கப்பட்டன, அவை எவ்வழியாக எவர் கைகளுக்குச் சென்றன என்பன அதன் உட்பிரிவுகள். பின்னிணைப்பிலே வெளியீட்டு ஆண்டையும் அச்சகத்தின் பெயரையும் குறித்ததும் ஆய்வாளரின் கடமை தீர்ந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது.

இலக்கியத்தைச் சமூக உற்பத்தியாக நோக்கும் முறை நமக்குப் புதிதன்று. பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திலே ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்ற க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் அந்நோக்கினைத் தமிழாய்வில் நிலைநிறுத்தியவர்கள். 1968இல் வெளிவந்த கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நாவலின் தோற்றத்தைச் சமூக மாற்றத்தோடு இணைத்து விளக்கிற்று. அவர்கள் வழி வந்தோர் எனக் கூறிக்கொள்ளும் நாம், சமூகப் பின்னணியை ஓர் இயலாக எழுதப் பழகிக்கொண்டோம். ஆனால் அந்தப் பின்னணி நூலுக்குள் வந்து சேரும் வாயிலாகிய அச்சகத்தையும் பதிப்பாளரையும் புறக்கணித்தோம். உற்பத்தி பற்றி ஓயாது பேசும் விமரிசனம், நூலின் உற்பத்தி பற்றி மாத்திரம் மௌனம் சாதித்து வந்துள்ளமை வியப்புக்குரியதே.

2

இவ்வினாவை எழுப்புவதால் என்ன பயன் என்று கேட்கலாம். நமது வரலாற்றிலிருந்தே சில எடுத்துக்காட்டுகளை நோக்குவோம்.

1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியிற் கல்வி பெற்ற ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவருமே 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’யின் முதல் ஆசிரியர்களாக விளங்கினர். தமிழும் ஆங்கிலமும் கலந்து வெளிவந்த அவ்விதழ், மிசன் அச்சுக்கூடமும் உயர்கல்வி நிறுவனமும் ஒன்றிணைந்ததன் விளைவாகும். கற்ற மாணவர், அச்சு இயந்திரம், வாசிக்கத் தெரிந்த ஒரு கூட்டம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் அமைந்தமையே யாழ்ப்பாணத்து உரைநடை வளர்ச்சிக்கு அடித்தளமிட்டது.

இதனை மிகத் தெளிவாக உணர்ந்தவர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், அடுத்த ஆண்டே அச்சியந்திரம் வாங்குவதற்காகச் சென்னை சென்றார். பாடசாலைக்கு நூல் வேண்டும். நூலுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் நிலைக்க வாசகர் வேண்டும். வாசகரை உருவாக்கப் பாடசாலை வேண்டும். இந்த வட்டத்தை நிறைவு செய்தமையே நாவலரின் பெருஞ்சாதனை. அவரது வசனநடையின் தெளிவைப் புகழ்ந்து எத்தனையோ பேர் எழுதியுள்ளனர். ஆனால் அத்தெளிவு பாலபாடத்தைக் கையில் ஏந்திய சிறுவனையும், அதனை விலைகொடுத்து வாங்கிய பெற்றோரையும் கருத்திற்கொண்டு பிறந்தது என்பதை அச்சகத்தை விடுத்து விளக்குதல் இயலாது.

சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகள் மற்றொரு வகைச் சான்று. 1887இல் அவர் பதிப்பித்த கலித்தொகையின் முன்னுரையிலே, ஏடு தேடி அலைந்த அலைச்சலும், தேடிப் பெற்ற ஏடுகள் செல்லரித்தும் தொட்டவிடத்து ஒடிந்தும் அழிந்துகொண்டிருந்த அவலமும் பேசப்படுகின்றன. நம்மிற் பலர் இவற்றைத் தமிழ்ப்பற்றின் வெளிப்பாடாக மட்டுமே வாசித்து நெகிழ்ந்து விடுகிறோம். ஒரு நூல் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதற்கு ஆக்கியவரே விட்டுச்சென்ற ஆவணமாக அவற்றை வாசித்தவர் மிகச் சிலரே.

இருபதாம் நூற்றாண்டிலே சுன்னாகத்தை எடுத்துக்கொள்வோம். 1930இல் ‘ஈழகேசரி’யைத் தொடங்கிய நா. பொன்னையா, புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் குறிப்புகளுடன் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தை 1937இலும் சொல்லதிகாரத்தை 1938இலும் வெளியிட்டார். பொருளதிகாரம் 1940களில் இரு பகுதிகளாக வெளிவந்தது. கணேசையரின் புலமை எல்லோரும் அறிந்தது. ஆயின், வாரப்பத்திரிகையொன்றை நடத்திய அச்சக உரிமையாளர், பெருவாரியாக விலைபோக வாய்ப்பில்லாத இலக்கண நூலைப் போர்க்கால நெருக்கடிக்குள்ளும் ஏன் அச்சிட்டார்? அதன் செலவை எவ்வாறு ஈடுசெய்தார்? பொன்னையாவின் அச்சகம் இல்லையேல் கணேசையரின் குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்குமா? புலமை வரலாறு இவ்வினாக்களின்றி முழுமை பெறாது.

3

இவ்வணுகுமுறை நமது விமரிசன முடிவுகளையே மறுபரிசீலனைக்கு உட்படுத்தக்கூடியது என்பதற்கு 1970களின் வரலாறு தக்க சான்றாகும்.

அத்தசாப்தத்தின் முற்பகுதியிலே, ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் காரணமாகத் தென்னிந்தியச் சஞ்சிகைகளினதும் நூல்களினதும் வரவு குறைந்தது. அக்காலத்திலேதான் வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டது. 1973இல் வெளிவந்த செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ அவ்வரிசையிற் பரவலாக அறியப்பட்ட ஒன்று. 1978இல் அது திரைப்படமாகவும் வந்தது. இக்கால நாவல் வளர்ச்சியை நாம் பெரும்பாலும் தேசிய இலக்கியப் பிரக்ஞையின் வெற்றியாகவே எழுதி வந்துள்ளோம். 1950களின் பிற்பகுதியிலிருந்து முற்போக்கு அணியினர் முன்வைத்த மண்வாசனை, தேசிய இலக்கியம் ஆகிய கோட்பாடுகள் கனிந்ததன் பயனாக அது காட்டப்படுகின்றது.

இது பாதி உண்மையே. எழுத்தாளரிடம் பிரக்ஞை இருந்தது. ஆனால் அந்தப் பிரக்ஞை நூலுருப் பெற்றுப் பரந்த வாசகரைச் சென்றடைவதற்குச் சந்தையிலே ஓர் இடைவெளி தேவைப்பட்டது. அந்த இடைவெளியை இறக்குமதிக் கட்டுப்பாடு ஏற்படுத்தியது. நாளிதழ் நிறுவனமொன்று அதனைப் பயன்படுத்தியது. 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தபின் தமிழகச் சஞ்சிகைகள் மீண்டும் பெருகின; உள்ளூர் நாவல் வெளியீடு முன்னைய வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. பிரக்ஞை மட்டுமே காரணமாயின் வேகம் ஏன் தளர்ந்தது? வாசகர் நம் எழுத்தை விரும்பி வாங்கினரா, அன்றி வேறொன்று கிடைக்காமையால் வாங்கினரா? அவ்விரண்டுக்கும் இடையே, கிடைத்ததை வாங்கி வாசித்துப் பின் விரும்பத் தொடங்கியோர் எத்தனை பேர்? இவற்றுக்கு விடை காணாமல் அத்தசாப்தத்தைப் பொற்காலம் என்பதும் போலி வளர்ச்சி என்பதும் ஒருங்கே ஆதாரமற்ற கூற்றுகளாகும்.

செங்கை ஆழியானின் வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. அவர் பேராதனையிற் பயின்றவர். 1960களின் முற்பகுதியிலே அங்குப் பயின்ற அவரும் செம்பியன் செல்வன் முதலிய சகமாணவர்களும் தமது சிறுகதைகளைத் தொகுத்து ‘கதைப்பூங்கா’ முதலான தொகுதிகளை வெளியிட்டனர். விரிவுரைக் குறிப்பெடுத்தபடியே அச்சகத்துக்கு நடந்து, பார்வைப்படி திருத்தி, பிரதிகளை விற்றுக் கடனடைத்த மாணவர் பரம்பரை நம்மிடையே உண்டு என்பதற்கு அவை சாட்சி. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் இதழ்களும் அப்பரம்பரையின் விளைவுகளே. அம்மாணவர் எழுதிய கதைகள் ஆராயப்பட்டுள்ளன. அவர்கள் பதிப்பாளராகச் செய்த பணி எந்த ஆய்வுக்கும் பொருளாகவில்லை எனினும் மிகையன்று.

4

மாணவர் ஆய்வுகள் நூலாக்கத்தைப் பொருட்படுத்தாததற்கும் அவ்வாய்வுகளுக்கு நேரும் கதிக்கும் ஒரு தொடர்பு உள்ளது. ஆய்வேடு தட்டச்சாகிக் கட்டப்பட்டு, புள்ளி வழங்கப்பட்டபின் துறையின் அலுமாரியை அடைகின்றது. அடுத்த ஆண்டு மாணவருக்கு மாதிரியாக உதவுவதைத் தவிர அதற்கு வேறு வாசகர் இல்லை. நூலாகாத ஆய்வு மறுக்கப்படுவதுமில்லை, திருத்தப்படுவதுமில்லை. அதனாலேயே ஒரே பொருள் பற்றி ஒரே தவறுகளோடு மீண்டும் மீண்டும் எழுதப்படுகின்றது. இதற்கு மாறாக, சித்திரலேகா மௌனகுரு, எம். ஏ. நுஃமான், சி. மௌனகுரு ஆகியோர் இணைந்தெழுதிய ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ 1979இல் நூலாக வெளிவந்தமையாலேயே பின்வந்தோர் அதனோடு உடன்படவும் முரண்படவும் முடிந்தது.

ஒற்றைப் பிரதியின் ஆபத்தை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981 யூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் சாம்பராயின. அதன் பின்னரும் போரும் இடப்பெயர்வும் எத்தனையோ வீட்டு நூலகங்களை அழித்தன. அந்த அழிவுக்குப் பின்னர் நூல்விபரப் பணியைத் தலைமேற் கொண்டோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தோர் என்பதை நாம் நாணத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். புலம்பெயர்ந்து இலண்டனில் வாழும் நூலகவியலாளர் என். செல்வராஜா, தொகுதிக்கு 1,000 நூல்களாக விபரம் தரும் ‘நூல்தேட்டம்’ தொகுதிகளை 2002 முதல் வெளியிட்டு வருகின்றார். 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் யாவரும் வாசிக்கக்கூடியதாக்கியுள்ளது. அடிக்கல் நாட்டியவர்கள் அவர்கள். அதன்மேற் கட்டடம் எழுப்புவது பல்கலைக்கழகத்தின் கடமை.

தமிழகத்திலே இப்பணி முன்னேறியுள்ளது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்’ 1962இலேயே வெளிவந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி தமிழ்ப் பதிப்புலகின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 2012இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். ஈழத்துக்கு அத்தகைய முழுமையான வரலாறொன்று இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது.

5

இது நூலகவியலாளர் பணியேயன்றி இலக்கிய மாணவர் பணியன்று என்று சிலர் கூறுவர். இலக்கியத்தின் கலைப்பெறுமானத்தைச் சந்தைக் கணக்காகச் சுருக்கிவிடும் முயற்சி என்று வேறு சிலர் அஞ்சுவர். முதலாவது கூற்று, நூல்விபரத்தையும் நூலாக்க வரலாற்றையும் ஒன்றெனக் கொள்வதால் எழுவது. விபரம் தரவு, அதற்குப் பொருள் காண்பது விமரிசனம். இரண்டாவது அச்சம் ஓரளவு நியாயமானதே. அச்சடித்த பிரதிகளின் தொகை ஒரு நாவலின் தரத்தைக் கூறாது. ஆயினும், தரமான நாவலொன்று ஏன் 500 பேரைக்கூடச் சென்றடையவில்லை என்ற கேள்வி கலைப்பெறுமானத்தை மதிப்பவனுக்கே முதலில் எழ வேண்டியதாகும்.

ஈழத்து எழுத்தாளர் பலர் தாமே தமக்குப் பதிப்பாளர். நகையை அடைவுவைத்து நூல் அச்சிட்டோர் கதைகள் நம்மிடையே சாதாரணம். வெளியீட்டு விழாவிலே முதற்பிரதியையும் சிறப்புப் பிரதிகளையும் ஊர்ப் பிரமுகரும் வர்த்தகரும் பெற்றுக்கொள்ள, அந்தப் பணத்தால் அச்சகக் கடன் தீர்வதே நமது நூல் விநியோக முறையாக நீண்டகாலம் இருந்து வருகின்றது. மேடையில் இருப்போர் பணம் கொடுக்கும் முறையிலே, மேடையில் இருப்போரைச் சினந்தெழுதும் நூல் எவ்வாறு வெளிவரும்? வெளிவரும் நூல் எவற்றைத் தவிர்த்துக்கொள்ளும்? சாதியமைப்பையும் வர்த்தக வர்க்கத்தையும் பற்றிய எழுத்தின் எல்லைகளை ஆராய்வோர் இவ்விழாக்களின் அழைப்பிதழ்களையும் ஆராய்தல் வேண்டும்.

எனவே நமது தமிழ்த்துறைகளிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஆண்டுதோறும் ஓரிரு மாணவரேனும் ஓர் ஆசிரியருக்குப் பதிலாக ஓர் அச்சகத்தையோ வெளியீட்டகத்தையோ இதழையோ ஆய்வுப்பொருளாகக் கொள்ளட்டும். இரண்டாவது, ஈய எழுத்துகளைக் கையாற் கோத்த அச்சுக்கோப்பாளரும், அச்சக முதலாளிமாரும், புத்தகக்கடைக்காரரும் முதுமையெய்திவிட்டனர். அவர்தம் வாய்மொழிகளும் எஞ்சியுள்ள கணக்குப் புத்தகங்களும் இப்போதே பதிவு செய்யப்படட்டும். மூன்றாவது, தேறிய ஆய்வேடுகள் எழுதியவரின் சம்மதத்துடன் எண்ணிமப் பிரதியாகவேனும் பொதுவில் வைக்கப்படட்டும்.

இவற்றுள் மிக அவசரமானது இரண்டாவது. நூல்கள் பலவற்றுக்கு இன்று பிரதியெடுத்துவிட்டோம். ஆனால் ஒரு கைப்பிரதியைப் படித்து, எழுத்தெழுத்தாய்க் கோத்து, பிழை திருத்தி, கடனுக்கு அச்சிட்டுக் கொடுத்த மனிதர்களின் நினைவுக்குப் பிரதி இல்லை. அவர்கள் மறைந்தபின் எழுதப்படும் ஈழத்து இலக்கிய வரலாறு, ஆசிரியர் பெயர்களின் பட்டியலாகவே எஞ்சிவிடும்.